நாரிப் பிடிப்பு

அப்பாவைத் தூக்குவதற்காகத்தான் நான் பாரம் தூக்கப் பழகினேன். பருத்தித்துறையில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நாற்பதைத் தொட்ட, கலியாணம் செய்யாத ஒரு கணித ரீச்சர் பின்னேரங்களில் நெல்லியடிப் பக்கம் ஜிம்முக்குப் போய்வருகிறாள் என்றால் ஊருக்கு வேறு காரணங்கள்தான் தோன்றும்.

அப்பா பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பஸ் ஓட்டியவர். ஓய்வெடுத்துக் கொஞ்சக் காலத்தில் பாரிசவாதம் வந்து வலது கையும் வலது காலும் சோர்ந்துபோயின. பேச்சு மட்டும் தப்பியது. அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அண்ணை லண்டனில். ஆகவே அப்பாவைக் கட்டிலில் இருந்து சில்லுக் கதிரைக்கும், கதிரையில் இருந்து குளியலறைக்கும், திரும்பக் கட்டிலுக்கும் எடுத்து வைப்பது என் வேலையாயிற்று. நோய் வந்த பிறகும் அவர் மெலியவில்லை. முதல் சில வாரங்கள் தூக்கி முடிய நான் சுவரில் சாய்ந்து நின்றுவிடுவேன். அப்போதுதான் ஜிம்மில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் போய்ச் சேர்ந்தேன்.

ஓட்டம் அதற்கும் முந்தியது. எனக்குச் சின்ன வயதில் இருந்தே கால் ஓரிடத்தில் தரிக்காது. வகுப்பில் கரும்பலகைக்கும் கடைசி வாங்குக்கும் இடையே நடந்துகொண்டேதான் படிப்பிப்பேன். விடியற்காலையில் கடற்கரை வீதியில், இடப்பக்கம் கடலும் வலப்பக்கம் தூங்கும் வீடுகளுமாக, வெளிச்சவீடு வரை ஓடிவந்தால்தான் அந்த நாள் எனக்கு அடங்கும். மீன் ஏற்ற வந்து நிற்கும் லொறிக்காரர்கள் முதலில் பார்த்தார்கள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். நாய்கள் மட்டும் பழகவில்லை.

நாரியில், இடுப்புக்கு மேலே அடிமுதுகில், அந்தப் பிடிப்பு முதலில் வந்தது ஜிம்மில். நிலத்தில் கிடக்கும் கம்பியைக் குனிந்து எடுத்து நிமிரும் பயிற்சி. முதுகை வளைக்காதே, ஒரு நிறை பழகியபின் அடுத்ததைப் போடு என்று பயிற்சி தரும் பெண் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. அப்பாவின் நிறையை எட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி. இரும்பு வட்டுகளைக் கூட்டிப் போட்டு எடுத்தேன். பாதி நிமிர்ந்தபோது இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, இடப்பக்கம், யாரோ உள்ளே விரலால் கொளுவி இழுத்ததுபோல் இருந்தது. பெரிய வலி என்று சொல்ல முடியாது. கம்பியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவைத் தூக்கிப் படுக்க வைத்தேன். அடுத்த நாள் காலை ஓடவும் போனேன். வெளிச்சவீட்டில் இருந்து திரும்பி வரும்போது நடந்துதான் வந்தேன்.

அதன் பிறகு பல வாரங்கள் அப்படியே போயின. ஓடுவேன், நோகும், நோவெண்ணெய் பூசுவேன், நோவு குறைந்ததும் ஓடுவேன். நடந்தால் பரவாயில்லை, கதிரையில் இருந்தால்தான் கொல்லும். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பிரசங்கம் நீளும்போது மரவாங்கில் ஒரு பக்கமும் மறுபக்கமுமாகப் புரண்டு, கடைசியில் எழுந்து பின்சுவரோடு போய் நிற்பேன். ஆராதனை முடிந்து வரும் பெண்களிடம் ஆளுக்கொரு மருந்து இருந்தது. ஒருவர் உப்பை வறுத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் முருங்கைப்பட்டை என்றார். பொம்பிளைப்பிள்ளை இரும்பு தூக்கினால் நாரி விடாமல் என்ன செய்யும் என்று ஒருவர் என் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார். நான் எல்லோருக்கும் தலையாட்டினேன். திங்கட்கிழமை மறுபடியும் ஓடினேன்.

ஒரு நாள் காலை கண் விழித்தபோது என்னால் எழும்ப முடியவில்லை. ஒருக்களிக்கப் பார்த்தேன். நாரியில் இருந்து தொடை வரை இறுகிப் பிடித்து மூச்சை நிறுத்தியது. அசையாமல் கிடந்தால் ஒன்றும் இல்லை. விரல் நுனியை அசைத்தாலும் அது கேட்டுக்கொண்டிருந்ததுபோல் வந்தது. யன்னலில் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா செருமினார்.

"பிள்ளை, விடிஞ்சிட்டுதெல்லே?"

"ஓம் அப்பா, வாறன்."

போகவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் கேட்டார்.

"என்ன, இன்னும் எழும்பேல்லையோ?"

"எழும்பேலாமல் கிடக்கு அப்பா. நாரி பிடிச்சிட்டுது."

நான் விழுந்துவிட்டேனா என்று அப்பா கேட்டார். இல்லை, படுத்தபடியே கிடக்கிறேன் என்றேன். அவரும் படுத்தபடிதான் கிடந்தார். இடையில் ஒரு சுவர்.

"நல்ல சோடிதான்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் நாரி பிடித்தது, கண்ணீர் வந்துவிட்டது. நோவுக்கு வந்த கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குக் காலையில் குளியலறைக்குப் போக வேண்டிய நேரம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். கைத்தொலைபேசி குசினியில் சார்ஜில் கிடந்தது.

கட்டில் விளிம்புக்கு அங்குலம் அங்குலமாக அரக்கி, ஒரு காலை நிலத்தில் விட்டு, பிறகு முழங்காலில் சரிந்து இறங்கினேன். நிமிர முடியவில்லை. நாலு காலில் தவழ்ந்து குசினிக்குப் போனேன். வழியில் அப்பாவின் அறைக்கதவு திறந்துதான் கிடந்தது. தவழ்ந்து போகும் என்னை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் சுலபமாக நினைக்க முடிவதில்லை.

அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவரது கணவர் கடலுக்குப் போகிறவர், கரையில் வள்ளம் இழுக்க ஆள் குறைந்தால் அக்காவும் போய்க் கயிறு பிடிப்பார். தலைமுழுகிய ஈரத்தோடு ஓடிவந்தார். என்னை விட்டுவிட்டு முதலில் அப்பாவைப் பாருங்கள் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன்னைத் தூக்குவதும் குளியலறைக்குக் கொண்டுபோவதும் நடக்காது என்று உறுதியாகச் சொன்னார். அக்கா நயமாகச் சொல்லிப் பார்த்தார். நான் குசினி வாசலில் முழங்காலில் நின்றபடி சத்தம் போட்டேன். நாங்கள் இரண்டு பேரும் அவரோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் இடது கையால் யன்னல் கம்பியைப் பிடித்து, இடது காலை நிலத்தில் ஊன்றி, கட்டிலில் எழுந்து இருந்துவிட்டார்.

அக்கா கையை நீட்டியபடி ஓரடி முன்னால் வந்தார்.

"கதிரையைக் கிட்ட வை," என்றார் அக்காவிடம்.

வலது பக்கத்தில் மேசை மறித்ததால் அக்கா சில்லுக் கதிரையை இடது பக்கம், அவரது நல்ல கைப் பக்கம், கொண்டுவந்து வைத்தார். நான் எப்போதும் மேசையை நகர்த்தி வலது பக்கம்தான் வைப்பேன், கதவு அந்தப் பக்கம் என்பதால். அப்பா கதிரைப் பிடியைப் பிடித்தார், முன்னுக்குச் சரிந்தார், ஒரு கணம் அந்தரத்தில் நின்றார், பிறகு பாதி விழுந்தும் பாதி இருந்துமாகக் கதிரைக்குள் போய்ச் சேர்ந்தார். அக்கா பின்னால் நின்று கதிரையைத்தான் பிடித்திருந்தார். அவரைத் தொடவில்லை. குளியலறை வரைக்கும் கதிரையைத் தள்ளியதோடு சரி.

அன்று அப்பாவோடு அக்காவை விட்டுவிட்டு, அவர் பிடித்துத் தந்த ஓட்டோவில், பின் ஆசனத்தில் குறுக்காகச் சாய்ந்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால் விறைக்கிறதா, சலம் போவதில் சிக்கல் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். இரண்டும் இல்லை. எலும்பில் ஒன்றும் இல்லை, தசைதான் என்று குளிசை தந்து பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் என்னைவிட வயது குறைந்தவர், தெல்லிப்பழைப் பக்கத்துப் பெண். படுத்துக் கிடக்கச் சொல்வார் என்று பயந்துகொண்டு போனேன். படுக்க வேண்டாம், வீட்டுக்குள் நடவுங்கள், நாளைக்கு ஒழுங்கை முனை வரை நடவுங்கள் என்றார். எப்போது ஓடலாம் என்று கேட்டேன். அவரோ, வீட்டில் எதைத் தூக்குகிறீர்கள் என்று கேட்டார். அப்பாவை என்றேன்.

நோவு குறைந்து மறுமுறை போனபோது, அவர் தானே ஒரு கதிரையில் போய் இருந்துகொண்டார். தன்னை அப்பாவாக நினைத்து, தூக்குவதுபோலச் செய்து காட்டச் சொன்னார். நான் வழமைபோல அவருடைய கமக்கட்டுக்குள் கைவிட்டுக் குனிந்தேன். அப்படியே நிறுத்தச் சொன்னார்.

"இதில அப்பா என்ன செய்வார்?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை மிஸ். நானே தூக்கிவிடுவன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும்."

அவர் என் கைகளை மெல்ல விலக்கிவிட்டார்.

"இரும்புக்குக் கால் இல்லை ரீச்சர். உங்கடை அப்பாவுக்கு ஒரு கால் நல்லாயிருக்கு."

அதன் பிறகு வந்த மாதங்களைப்போல எனக்குக் கடினமான காலம் வேறில்லை. நோவைச் சொல்லவில்லை. காத்திருப்பதைச் சொல்கிறேன். மிஸ் சொல்லித் தந்த முறையில் அப்பா தானே கட்டில் விளிம்புக்கு அரக்க வேண்டும். பாதங்களைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் வரை முன்னுக்குச் சரிய வேண்டும். அதன் பிறகுதான் எழும்பலாம். நான் பக்கத்தில் முழங்காலை மடித்து, வயிற்றை இறுக்கி, அவரது இடுப்பில் கட்டிய பட்டியில் கையை வைத்துக்கொண்டு நிற்பேன், இழுக்கக் கூடாது. என் கைகள் துருதுருக்கும். ஒரே இழுவையில் முடிகிற வேலை. அவர் பாதியில் களைத்துத் திரும்ப இருந்துவிடுவார், எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டும்போல இருக்கும். சில நாள் அவர் என்னைத் திட்டினார், சில நாள் நான் அவரைத் திட்டினேன். பள்ளிக்கூடத்தில் முதல் பாடத்துக்குப் பிந்திப் போய் அதிபரிடம் பேச்சு வாங்க வேண்டியிருந்தது.

ஓட்டமும் அதே கதைதான். நட, ஒரு மின்கம்பத்தில் இருந்து அடுத்த கம்பம் வரை ஓடு, மறுபடி நட என்றார் பிசியோ மிஸ். லொறிக்காரர்கள் மறுபடியும் பார்க்கத் தொடங்கினார்கள். ஜிம்மில் வட்டு இல்லாத வெறும் கம்பியோடு நின்றேன். பக்கத்தில் என் மாணவி ஒருத்தியின் தாய் என்னைவிட அதிகம் தூக்கினார். ஒரு காலை, உடம்பு இலேசாக இருந்தது. காற்றும் வாகாக இருந்தது. கம்பங்களை மறந்து வெளிச்சவீடு வரை ஓடி, அதையும் தாண்டி ஓடினேன். அடுத்த நாள் வளைந்துபோய் அப்பா அறைக்குள் வந்தேன்.

"ஓடினனி, என்ன?"

"கொஞ்சத் தூரம்தான்."

"பொய் சொல்லாதை. உன்ரை முகத்தில தெரியுது."

அன்றைக்கு அவர் என்னை எதிர்பார்க்காமலே கதிரைக்கு மாறிவிட்டிருந்தார்.

நாரி இப்போதும் முழுதாக விடவில்லை. மழைக்காலத்தில் உளையும், வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் வரை சைக்கிள் மிதித்தால் உளையும். பயிற்சிகளைச் செய்தால் அடங்கும். ஓட்டத்தில் முந்தைய தூரத்தின் பாதிக்கு வந்திருக்கிறேன்.

ஊன்றுகோலோடு வீட்டுக்குள் சில அடி நடக்கத் தொடங்கியிருந்த அப்பா, போன மாதம் தலைமயிர் வெட்ட வேண்டும் என்றார். வழமையாகச் சலூன்காரரே வீட்டுக்கு வருவார். இல்லை, தான் கடைக்கே போக வேண்டும் என்றார். ஓட்டோவில் போனோம். சலூன் வாசலில் ஒரு படி உண்டு. அவர் ஊன்றுகோலை இடது கையில் பிடித்து அந்தப் படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்தது. நான் அவரது இடுப்புப் பட்டியைப் பிடித்தேன்.

"கையை எடு."

எடுத்தேன். அவர் ஏறுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்தார் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நல்ல காலை முதலில் வைத்தார், உடம்பைச் சரித்தார், மற்றக் காலை இழுத்துக்கொண்டார். உள்ளே போய்க் கதிரையில் இருந்ததும், சலூன்காரரிடம் பஸ் காலத்துப் பழைய கதை ஒன்றைத் தொடங்கிவிட்டார். எனக்கும் ஒரு வாங்கு இருந்தது. இருந்து பார்த்தேன், முடியவில்லை. வெளியே வந்து வெயிலில் சந்தைப் பக்கம் வரை நடந்தேன், திரும்பினேன், கண்ணாடிக்குள் பார்த்தேன். ஒரு பக்கம்கூட இன்னும் வெட்டி முடியவில்லை. மறுபடியும் நடந்தேன்.