தகப்பனுக்கு அங்கே வேலையில்லை

மஞ்சள் காமாலையில் என் மனைவி இறந்தபோது மகளுக்கு மூன்று வயது. உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொஞ்சம் நிலத்தில் மிளகாய் போட்டிருந்தேன். இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி அக்கா நடையாய் நடந்தாள். எனக்கு மனம் வரவில்லை. சோறு வடிக்க, பாவாடை துவைக்க, பேன் பார்க்க, தலை பின்னிவிட ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டேன்.

குடத்தோடு அடிபம்புக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கி வழிவிடுவார்கள். மரியாதைதான். நான் திரும்பி நடந்த பிறகு சிரிப்பு கேட்கும். டீக்கடையில் ஆண்கள், "என்னப்பா, இன்னைக்கு உன் வீட்டுல என்ன கொழம்பு?" என்பார்கள். மிளகாய்க்கு என்ன மருந்தடிக்கலாம் என்று என்னிடம் கேட்பதை எப்போதோ விட்டிருந்தார்கள்.

எட்டாம் வகுப்பு படிக்கையில் ஒருநாள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியிலேயே வந்து கதவோரம் நின்றாள்.

"அய்யா, எனக்கு என்னமோ ஆகிருச்சு. பயமா இருக்கு."

பாவாடையைப் பார்த்ததும் புரிந்தது. "பயப்படாத ஆத்தா, எல்லாப் பொம்பளைக்கும் வாரதுதான்" என்றேன். அவள் அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, எப்படி மடித்துக்கொள்வதென்று சுவரைப் பார்த்தபடி சொன்னேன். வெந்நீர் போட்டு வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிடப் போனேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏலே, ஆம்பளை சொல்லிக்குடுக்குற காரியமா இது? சடங்கு முடியிறவரைக்கும் இங்கன நிக்காத. தகப்பன் பாக்கக் கூடாது."

மச்சினன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டினார். உளுந்தங்களி, நல்லெண்ணெய், வீடு நிறையப் பெண்கள். அவர்கள் போட்ட குலவையை நான் மிளகாய் காயும் களத்தில் உட்கார்ந்து கேட்டேன். யாரோ தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்பினார்கள். ருசியாகத்தான் இருந்தது, பாதியை மூடி வைத்தேன்.

சடங்கு முடிந்து வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் சீப்பை எடுத்தேன்.

"நானே பின்னிக்கிறேன்யா" என்றாள்.

குரலில் கோபமில்லை, வெட்கம்தான். அன்றிலிருந்து ஒரே வீட்டுக்குள் இருமிவிட்டு நுழையப் பழகினேன்.

பாம்பனில் வேலை பார்த்த மாப்பிள்ளைக்கு அவளைக் கட்டிக்கொடுத்தேன். தலைப்பிரசவத்துக்கு என்னிடம்தான் வந்தாள். அதற்குள் அக்காவும் போய்ச் சேர்ந்திருந்தாள். வலி எடுத்ததும் ராமநாதபுரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

"கூட இருக்குற பொம்பளை யாரு?" என்று நர்ஸ் கேட்டார்.

"நான்தாம்மா."

"ஆம்பளைக உள்ள வரக் கூடாதுங்கய்யா."

பக்கத்துக் கட்டில் பெண்ணின் அம்மா பிளாஸ்க்கையும் துணிப்பையையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான் வராந்தாவில் உட்கார்ந்தேன். உள்ளே வலியில் பெண்கள் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு குரல் மட்டும் "அய்யா" என்றது. எழுந்து வாசல்வரை ஓடினேன். கதவைச் சாத்தியிருந்தார்கள்.

பேத்தி பிறந்ததை அந்த அம்மாதான் வந்து சொன்னார்.