பசி என்று சொல்லாதவளுக்கு ரவைக் கஞ்சி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதோ எழுபதோ இருக்கும். என் மனைவிக்கு நச்சுக் காய்ச்சல் வந்து ஒருவழியாக இறங்கியிருந்தது. காரைக்குடியில் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். பாயோடு பாயாகக் கிடந்தாள். எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அலுவலகம் போனேன், கையெழுத்துப் போட்டேன், திரும்பி வந்தேன்.

செக்காலைப் பக்கமிருந்து வந்த வைத்தியர் நாடி பார்த்துவிட்டு ரவைக் கஞ்சி சொன்னார். நெய் விடாமல் வெறும் சட்டியில் வாசனை வரும்வரை ரவையை வறுக்க வேண்டும். பச்சை ரவை கபத்தைக் கூட்டும், வயிற்றில் கல்லாக உட்காரும், வறுத்தது லேசு. ஒரு பங்குக்குப் பதினான்கு பங்கு தண்ணீர், சிட்டிகை சுக்கு, இந்துப்பு.

"குடல் புண்ணாக் கெடக்கு. தண்ணியாவே குடுங்க. பசிக்குதுன்னு அவுகளா வாயத் தொறந்து கேக்கட்டும், அப்பக் கெட்டியாக்குங்க. முந்தி வேணாம்."

கஞ்சி காய்ச்சியது அண்ணன் மனைவி, என் மதினி. வேளைக்கு ஆறு கரண்டி என்று நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். ஏழாவது கரண்டிக்குக் கையை நீட்டித் தடுத்தேன்.

"தம்பி, ரவையவும் எண்ணிப் பாத்துருங்க. ஒண்ணு ரெண்டு கூடிப்போயிருக்கும்" என்றார் மதினி.

என் மனைவி பசி என்று வாய் திறந்து கேட்கவில்லை. வேளை தவறாமல் நான்தான் கேட்டேன்.

"பசிக்குதா?"

"இல்லீக. நீங்க சாப்டீகளா?"

வளையல் முழங்கை வரை ஏறியது. நூல் சுற்றி நிறுத்தினோம். எழுந்து சுவரில் சாயக்கூட முடியவில்லை.

வைத்தியர் மறுபடி வந்தார். "நாடி நல்லாத்தானே பேசுது. பசி எடுத்திருக்கணுமே. தாயி, பசிக்குதா?"

"இல்லீக."

அவர் என்னைத் தனியே அழைத்தார். "இப்படியே விட்டா ஒடம்பு தாங்காது."

கேட்டுக்கொண்டேன். மண்டையில் எதுவும் ஏறவில்லை.

நிலைப்படியில் நின்ற மதினிதான் பேசினார். "அவ எப்படிங்க கேப்பா? ஆம்பளைக சாப்பிட்டு, பிள்ளைக சாப்பிட்டு, சட்டியில மிச்சம் கெடக்கான்னு பாத்து உக்கார்றவ. இந்த வீட்டுக்கு வந்து ஒரு நா பசிக்குதுன்னு சொல்லியிருக்காளா? நான்தான் சொல்லியிருக்கேனா?"

வைத்தியர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப ஆம்பளைக்குச் சொல்ற வைத்தியத்தச் சொல்லிட்டுப் போயிருக்கேன். சரி, கொஞ்சம் கெட்டியாக் காச்சுங்க. ஒரு கிண்ணம், அம்புட்டுத்தான்."

மதினி காய்ச்சிக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தார்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சு. இது மிச்சம். வேணாம்னாச் சொல்லு, கொட்டிருறேன்."

வீட்டில் ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. மதினி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அங்குட்டு வாங்க. பாத்துக்கிட்டே நின்னீகன்னா தொட மாட்டா."

வெளியே வந்து நின்றோம். வைத்தியர் மூக்குப்பொடி மட்டையைத் திறந்தார், பொடி போடாமலே மூடினார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கிண்ணத்தில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. எண்ண ஆரம்பித்தேன். நடுவில் எண்ணிக்கை தப்பிவிட்டது. பிறகு அடியை வழிக்கும் சத்தம்.

"பொழச்சுக்கிருவாக" என்றார் வைத்தியர்.

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. மதினி ராத்திரி வேளைக்கு இன்னொரு பிடி ரவையை எடுத்து வறுக்கப் போட்டார். எனக்கு இலை போட்டார். பசித்ததா என்று நினைவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.