முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர்

எங்கள் தொழிற்சாலை மனமகிழ் மன்ற நூலகம் என்பது ஒரு இரும்பு பீரோ. எழுபதுகளின் தொடக்கத்தில் அது நிரம்பிவிட்டது. மன்றத் தலைவரான பர்சனல் ஆபீசர் அதைத் திறந்து பார்த்து, பாய்லர் பராமரிப்புப் புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்றார். பாய்லர் பக்கம் அவர் போய் நான் பார்த்ததில்லை. கழிக்கவேண்டியவை என்று அவர் எடுத்துப் போட்டதில் முதல் புத்தகம் ‘ஐஸ் கிடங்குப் பையன்கள்’.

“இது சின்னப் பசங்க கதை மிஸ்டர். நம்ம ஆளுங்க மீசை வெச்சவங்க. பழைய பேப்பர் கடையில போட்டுடுங்க.”

திருவொற்றியூரில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் நான் டைம் ஆபீஸ் கிளார்க், மன்றத்துக்குச் செயலாளர். அந்த நாவலை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் தேடிப்பிடித்தவனும் நான்தான். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் இரண்டு பையன்கள். ஒருவன் ஹாஸ்டலில் சேர்ந்து படிக்கப் போகிறான், மற்றவன் போட்டில் ஏறுகிறான். சில வருஷம் கழித்து ரயில்வே பிளாட்பாரத்தில் படித்தவன் பழைய நண்பனைப் பேசாமல் கடந்து போகிறான். அவனைப் பார்த்தானா, பார்க்கவில்லையா என்று ஆசிரியர் சொல்லவே இல்லை. வாசகனை நம்பிய அந்த ஒரு பக்கத்துக்காகவே எனக்கு அது உயிர்.

புத்தகத்தைக் காப்பாற்ற மன்ற விதியில் வழி இருந்தது. படித்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் விமர்சனம் சொல்லி முன்மொழிய வேண்டும், படித்த இன்னொருவர் வழிமொழிய வேண்டும். நிர்வாகிகள் இரண்டையும் செய்யக்கூடாது. விதியை எழுதியவன் நான். அது எனக்கே ஆப்பு வைத்தது.

என்னைத் தவிர அதைப் படித்தவர்கள் இருவர்தான். ராயபுரம் ஏசுதாஸ், வியாசர்பாடி முனுசாமி. ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த ஃபிட்டர்கள், ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள். ஏசுதாஸ் பதவி உயர்ந்து, ஃபிட்டர்களை மேய்க்கும் சார்ஜ்மேன் ஆனான். சார்ஜ்மேன் ஆனால் ஸ்டாஃப் கேன்டீனில்தான் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவன் தட்டோடு அந்தப் பக்கம் போன நாளிலிருந்து முனுசாமி அவனோடு பேசுவதில்லை.

முன்மொழிய ஏசுதாஸ் உடனே ஒப்புக்கொண்டான். வழிமொழியச் சொல்லி முனுசாமியிடம் போனேன்.

“புக்கு சூப்பர் புக்கு சார். அதுக்கோசரம் அவன் பேச, நான் ஆமாஞ்சாமி போடணுமா? வேற ஆளப் பாரு.”

“வேற யாரும் படிக்கலையே.”

“அப்போ பேப்பர் கடையிலயே போடு.”

ஆனாலும் கூட்டத்துக்கு வந்தான். கடைசி வரிசையில் கையைக் கட்டி உட்கார்ந்துகொண்டான்.

ஏசுதாஸ் எழுந்து கதையைச் சொன்னான். பிளாட்பாரக் காட்சி வந்தது. “அந்தப் பையன் பாக்கல சார். அவ்ளோ கும்பல்ல எப்டித் தெரியும்?”

“பாத்தான்,” என்றது கடைசி வரிசை.

“யாருய்யா அது?” என்றார் தலைவர்.

முனுசாமி எழுந்தான். “பாத்துகினேதான் போனான் சார். புதுச் சொக்கா போட்டா கண்ணு அவிஞ்சிடுமா?”

“டேய், கூட வாத்தியாரு நின்னாருடா. கூப்புடக் கூச்சம். அதுக்குன்னு மறந்துட்டான்னு அர்த்தமா?”

“ஒரே கோணியில படுத்துகினு இருந்தானே, அப்போ எங்க போச்சு கூச்சம்?”

“போட்டுக்காரன் ஏன் கூப்புடல? அவனுக்கு வாயி இல்லியா? ஒரு கொரலு குடுத்திருந்தா திரும்பியிருப்பான்டா!”

முனுசாமி, “போனவன்தான மொதல்ல கூப்புடணும்,” என்றான். குரல் இறங்கியிருந்தது.

கூட்டத்தில் இருந்தவர்களுக்கு யாரைப் பற்றிய பேச்சு என்பது புரிந்துவிட்டது. தலைவருக்கு மட்டும் புரியவில்லை. நான் எழுந்தேன்.

“பாயின்ட் ஆஃப் ஆர்டர். முனுசாமி, வழிமொழியிறீங்களா, எதிர்க்கிறீங்களா?”

“புக்க வழிமொழியறேன். இவன் சொன்ன விமர்சனத்த எதிர்க்கிறேன்.”

அதற்கு விதியில் இடமில்லை. தலைவருக்கு விதி தெரியாது. புத்தகம் பீரோவிலேயே இருக்கட்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

கேட் வரைக்கும் இருவரும் கத்திக்கொண்டே போனார்கள். அதற்குள் ஏசுதாஸின் பஸ் போய்விட்டது. முனுசாமி சைக்கிளை நிறுத்தி, “வாய மூடிகினு ஏறு,” என்றான். சார்ஜ்மேன் கேரியரில் ஏறினான். வாயை மட்டும் மூடவில்லை.

விமர்சனம் என்றால் பாராட்டுப் பத்திரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அடுத்த பொதுக்குழுவில் விதியைத் திருத்தினேன்: வழிமொழிகிறவர், முன்மொழிந்தவரோடு சண்டை போடலாம்.