கல்வாழைக் கிழங்கு

மலாய் நாட்டில், செங் என்ற ஊரில் இருக்கும் என் மகள் வீட்டு வாசலில் காசித்தும்பை காய்த்திருக்கிறது. இன்று காலை முற்றிய காய் ஒன்றைத் தொட்டேன். பட்டென்று வெடித்து, விதைகள் உள்ளங்கையில் தெறித்தன.

வெள்ளைக்காரன் காலத்தில், இங்கே பக்கத்திலிருக்கும் காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு பக்கம் காசித்தும்பை, மறுபக்கம் கல்வாழை. இரண்டுக்கும் இளந்தண்டுதான், நகம் பட்டாலே நீர் கசியும். என்னை அப்பாவிடம் விட்டுவிட்டுப் பிரசவத்துக்காக ஊருக்குக் கப்பலேறுவதற்கு முன், அம்மா என்னை அங்கே உட்கார வைத்துச் சொன்னாள்.

“காசித்தும்பை ஒரு தடவ பூத்துக் காய்ச்சா அவ்வளவுதான், செத்துப்போயிரும். காய் வெடிக்கிறதுக்குள்ள விதை எடுத்து வச்சிரு. கல்வாழை அப்படி இல்ல. தண்டு அழுகி விழுந்தாலும் கிழங்கு உள்ள இருக்கும். மழை பெஞ்சா திரும்ப வந்திரும்.”

“நீ எதும்மா?”

“கல்வாழைதான்டி,” என்று சிரித்தாள்.

அம்மா வரவில்லை. பிரசவத்தில் இறந்துவிட்டதாகத் தந்திதான் வந்தது. பிள்ளையும் தங்கவில்லை. தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து தமிழ் மறந்துபோன பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் மலாய் மொழியிலேயே ஏதேதோ சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா அழவில்லை.

மழை பிடித்ததும் கல்வாழை குருத்து விட்டது. “அப்பா, வந்திருச்சு!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர் வந்து பார்த்தார். மண்வெட்டியை எடுத்து, ஒரு துண்டு மிச்சமில்லாமல் கிழங்கைத் தோண்டிப் போட்டார். கடைசிக் குருத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இது மட்டும் எதுக்கு வருது?” என்றார். அப்போதுதான் அழுதார்.

இன்று கையில் தெறித்த விதைகளை முந்தானையில் முடிந்துகொண்டேன். கல்வாழையை நான் வளர்த்ததே இல்லை. எனக்குக் காசித்தும்பை போதும். வருவேன் என்று அது யாரிடமும் சொல்லாது.