வறண்ட ஏரியில் ஒரு படகும் என் பொடிக் குற்றங்களும்

உத்திரமேரூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பேருந்து மாற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பன்னிரண்டு பையன்கள் வெள்ளைச் சட்டையும் நீல அரைக்கால்சட்டையுமாகச் சனிக்கிழமை காலைகளில் ஏரிக்கரையில் நின்று கடலோடிகளாகிக்கொண்டிருந்தோம். அதில் நானும் ஒருவன். இதை இப்போது யாரிடம் சொன்னாலும் முதலில் என் உடம்பைப் பார்க்கிறார்கள், பிறகு பேச்சை மாற்றுகிறார்கள்.

எங்கள் கடல்சாரணர் குழுவை நடத்திய மாஸ்டர், சரக்குக் கப்பலில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, மனைவியின் ஊர் என்பதால் எங்கள் ஊரில் வந்து குடியேறியவர். அவருக்குக் கடல் போன ஏக்கம். எங்களுக்குச் சனிக்கிழமை வீட்டு வேலையிலிருந்து தப்பிக்கும் ஆசை. எங்கிருந்தோ ஒரு பழைய மரப்படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். ஏரியில் மழைக்குப் பிறகு சில மாதங்கள்தான் தண்ணீர். மற்ற நாளெல்லாம் படகு கரையோரப் புளியமரத்தடியில் கிடக்கும். காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு விடும் என்பதால், பக்கத்து பம்ப்செட் தொட்டியிலிருந்து பக்கெட் பக்கெட்டாகச் சுமந்து வந்து படகுக்குள் ஊற்றுவோம். உலகத்து மாலுமிகள் எல்லாம் படகிலிருந்து தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருக்க, நாங்கள் உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தோம்.

குழுவுக்கு ஒழுக்க விதிகள் உண்டு. படகின் உள்பலகையில் பெயிண்டால் எழுதியிருந்தார். சனிக்கிழமைதோறும் ஒவ்வொருவனும் அந்த வாரத்துத் தன் தப்பைத் தானே சொல்ல வேண்டும். அதற்கு எத்தனை பக்கெட் தண்ணீர் என்பதையும் தானே முடிவு செய்ய வேண்டும். அடுத்தவன் தப்பைச் சொல்லவே கூடாது. நடுக்கடலில் கோள் சொல்கிறவனோடு எவனாலும் குடித்தனம் நடத்த முடியாது என்பது அவர் கட்சி.

என் தப்பு முதல் நாளே நடந்துவிட்டது. சேரும் படிவத்தில் 'நீச்சல் தெரியும்' என்று ஒரு வரி. தெரியாதவனுக்குக் குழுவில் இடமுண்டு, கடலுக்குப் போகும் முகாமில் இடமில்லை. எனக்குத் தொட்டிக் குளியல்தான் தெரியும், அதுவும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. பின்னால் வரிசையில் ஆள் நின்றார்கள், பேனா கையில் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெரிய தப்பை மறைக்கச் சின்னத் தப்புகள் வேண்டும், அதுவும் வாரம் ஒன்று புதிதாக. அண்ணன் பெல்ட்டைக் கேட்காமல் போட்டேன் என்பேன். நூலகப் புத்தகத்தின் ஓரத்தை மடித்தேன் என்பேன். ஒரு வாரம் எதுவும் அகப்படாமல் எருமையைத் திட்டியதாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் எருமையே கிடையாது. ஊரில் விவசாயிகள் எல்லாம், என் அப்பா உட்பட, மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரி நிரம்பினால் நீச்சல் சோதனை என்பதால், மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட ஒரே குடியானவன் மகன் நான்தான்.

என் பொடிக் குற்றங்களைக் கேட்டுக் கேட்டு, உண்மை பேசுவதில் என்னைப் போல இன்னொருவன் இல்லை என்று மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார்.

உண்மை தெரிந்தவன் ஒருவன் இருந்தான். ஏரிக்கரையை ஒட்டிய குடியிருப்பிலிருந்து வருகிறவன், என் வகுப்புதான். நடக்கப் பழகிய கையோடு நீந்தப் பழகியவன். ஒருநாள் தொட்டியில் என்னைப் பார்த்துவிட்டான்.

"இன்னாடா கப்பல்காரா, இடுப்பளவு தண்ணில செவுத்த புடிச்சிக்கினு கீற?"

அவன் இதை யாரிடமும் சொல்லவில்லை, விதி அப்படி. ஆனால் சனிக்கிழமைகளில் என் முறை வரும்போது மட்டும் என்னையே பார்ப்பான். அவன் முறை வந்தால் "ஒன்னும் இல்ல சார்" என்பான். தப்பே செய்யாதவன் எப்படி இருப்பான், இவன் அழுத்தக்காரன் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

காலாண்டு விடுமுறையில் சென்னையில் மூன்று நாள் கடல் முகாம், எங்கள் குழுவுக்கு ஒரே இடம் என்று சேதி வந்தது. விதிகளை நன்றாகக் காப்பாற்றுகிறவன் யார் என்று கை தூக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கடலைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதில் விழாமல் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அந்தச் சனிக்கிழமை, அவன் முறையில், வழக்கம்போல ஒன்றும் இருக்காது என்று மாஸ்டர் அடுத்தவனிடம் திரும்பிவிட்டார்.

"இந்த வாரம் ஒன்னு கீது சார்" என்றான் அவன். "ஒருத்தன் எப்ப மாட்டுவான்னு அஞ்சு வாரமா காத்துக்கினு கீறேன். பத்து பக்கெட் ஊத்திடறேன்."

யார் அது என்று மாஸ்டர் கேட்டார்.

"அது அவன் தப்பு சார். நான் சொல்லக் கூடாது."

தன் விதியிலேயே மாட்டிக்கொண்ட மாஸ்டர் மீசையைத் தடவினார். அவன் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேர். அவன் போய் வந்து ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் சைக்கிள் காற்றைப் பிடுங்கிவிட்ட குற்றம் ஒன்றை அன்றைக்காகத் தயாராக வைத்திருந்தேன். நான்காவது பக்கெட் விழும்போது என் முறை வந்தது.

"எனக்கு நீச்சல் தெரியாது சார். ஃபாரத்துல பொய் எழுதிட்டேன்."

மாஸ்டர் நெகிழ்ந்துபோனார். கை தூக்கச் சொன்னபோது அவனைத் தவிர எல்லோரும் எனக்கே தூக்கினார்கள், முன்பைவிட உயரமாக. அதன் பிறகுதான் அவருக்கு நீச்சல் விதி நினைவுக்கு வந்தது. இரண்டாவது முறை கை தூக்கி அவனை அனுப்பினார்கள். அதில் என் கையும் ஒன்று, கொஞ்சம் தாழ்வாக.

முகாம் முடிந்து வந்தவனிடம் கடல் எப்படி என்று கேட்டேன்.

"மூணு நாளும் மெதக்கற ஜாக்கெட்ட கயட்டவே வுடல. நீச்சல் தெரியுமான்னு ஒருத்தனும் கேக்கல. நீயே போயிருக்கலாம்டா."

அடுத்த சனிக்கிழமை என் தப்பைச் சொன்னேன். உண்மையைச் சொன்னதற்கு வருத்தப்படுகிறேன், இருபது பக்கெட். மாஸ்டர் சரி என்றார்.

அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்டது. படகு தானாகவே நிரம்பிக்கொண்டிருந்தது. இருந்தாலும் வாயால் சொல்லியாகிவிட்டதால் நனைந்துகொண்டே சுமந்தேன். அவன் புளியமரத்தடியில் உட்கார்ந்து உரக்க எண்ணினான். பதிமூன்றை இரண்டு முறை எண்ணினான். அது யார் தப்பு என்று நான் சொல்லக் கூடாது.