அத்தை பந்தாட்டம் பார்க்க வந்த ஞாயிறு

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வானகரத்தில் பிறந்து திருமழிசைக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் ஆவடியில் பட்டாளத்துச் சாமான் கிடங்கில் வேலை பார்த்தார். அங்கே சிப்பாய்கள் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் புட்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேரைச் சேர்த்து ஒரு கட்சி கட்டினார். ஞாயிற்றுக்கிழமையானால் பூந்தமல்லி மைதானத்தில் ஏதாவது ஓர் ஊரோடு ஆட்டம் இருக்கும்.

ஒரு ஞாயிறு நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். முழங்காலுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. என் மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சூடாகப் பத்துப் போட்டார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"எவன்டா இப்டி ஒதைச்சான்?" என்றார் அத்தை.

"ஆட்டத்துல எது யாரு காலுன்னு யாருக்கும்மா தெரியும்?"

உள்ளே வந்ததும் என் வீட்டுக்காரர் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "உங்க அண்ணன்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் வானகரத்துக் கட்சியில் பேக் ஆடுபவன். கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்பான். வீட்டில் பூனையைக்கூட அதட்ட மாட்டான். பந்து பக்கத்தில் வந்தால் மட்டும் அவனுக்குக் கண்மண் தெரியாது. அத்தையிடம் இதை மறைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் வானகரத்தோடு ஆட்டம். என் வீட்டுக்காரர் சைக்கிளில் முன்னாலேயே போய்விட்டார். அத்தை மாட்டை வண்டியில் பூட்டிக்கொண்டே, "கெளம்பு, பூந்தமல்லி பெருமாளப் பாத்துட்டு வரலாம்" என்றார். மாமனார் போனபிறகு வண்டியும் மாடும் அத்தை கைக்கு வந்திருந்தன. அந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டும் பொம்பளை அவர் ஒருத்தர்தான். புளிச்சோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

நசரத்பேட்டை தாண்டும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். "பெருமாள் எங்கயும் போயிட மாட்டாரு. என் புள்ள கால ஒடச்சவன் மூஞ்சிய மொதல்ல நான் பாக்கணும்."

அண்ணன் இன்றைக்கு ஆட வரக்கூடாது என்று வழியெல்லாம் அந்தப் பெருமாளையே வேண்டிக்கொண்டேன்.

மைதானம் என்றால் புல் முளைக்காத செம்மண் தரை. இரண்டு பக்கமும் சவுக்குக் கழி நட்டு மேலே தேங்காய் நார்க் கயிறு கட்டியிருந்தார்கள். அதுதான் கோல். சுற்றிலும் இருநூறு பேர் இருக்கும். பெண்பிள்ளைகள் என்று பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும், வேர்க்கடலை விற்கும் ஓர் அம்மாளும்தான். அத்தை கொஞ்சமும் கூசாமல் வண்டியைக் கோட்டோரம் வரைக்கும் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். அதன்மேல் நின்றால் மைதானம் முழுக்கத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "நீ இன்னாம்மா இங்க?"

"ஏன், டிக்கெட் வாங்கணுமா?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணன் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியக் கையை ஆட்டினான்.

"அட, உங்க அண்ணனும் ஆடறானா? தங்கமான புள்ள" என்றார் அத்தை. நான் குனிந்து தூக்கின் மூடியைச் சரிசெய்தேன்.

ஆட்டம் தொடங்கியது. எல்லோரும் வெறுங்கால்தான். ஊதல் வைத்திருந்தவர் பென்ஷன் வாங்கும் ஹவில்தார். அத்தைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "இத்தினி பேர் கீறானுங்க, ஒருத்தன்கூட பந்தக் கையில எடுக்க மாட்டேன்றானே" என்று சலித்துக்கொண்டார். கோலைக் காக்கிற கோலி மட்டும்தான் கையால் தொடலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பந்து போகும் பக்கமெல்லாம் அவர் தலையும் போயிற்று. என் வீட்டுக்காரர் முதல் கோலைப் போட்டதும், சந்தோஷம் தாங்காமல் கையிலிருந்த தார்க்குச்சியால் மாட்டின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். மாடு துள்ளியது. நாங்கள் இரண்டு பேரும் வண்டிக்குள் தொப்பென்று விழுந்தோம்.

எழுந்து நின்று சேலையைச் சரிசெய்வதற்குள் அது நடந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பந்தோடு கோலை நோக்கிப் பாய்ந்தார். அண்ணன் குறுக்கே வந்து காலை விட்டான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு புழுதிக்குள் மறைந்தார்கள்.

அத்தை வண்டியிலிருந்து குதித்த வேகத்தை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. தார்க்குச்சியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"டேய், யார்ரா அவன்? எந்திரிடா!"

முகமெல்லாம் செம்மண் அப்பிய ஓர் உருவம் எழுந்து நின்று கண்ணைத் துடைத்தது. "நான்தான் அத்தே."

ஓங்கிய குச்சி அப்படியே நின்றது. "நீயா? கல்யாணத்துல என் எலைக்கு ரெண்டு வாட்டி பாயசம் ஊத்தினியே, நீயாடா?"

"பந்தத்தான் ஒதைச்சேன் அத்தே. மாப்ள நடுவுல கால வெச்சுட்டாரு."

கூட்டம் ஓவென்று சிரித்தது. ஹவில்தார் ஊதலை ஊதிக்கொண்டே வந்தார். "அம்மா, ஆட்டத்துக்கு நடுவுல வெளியாளுங்க வரக்கூடாது."

"யாரு வெளியாளு? ரெண்டும் எங்க ஊட்டுப் புள்ளைங்க!"

"அம்மா, உனுக்குக் கோடி புண்ணியம், வண்டிக்குப் போ" என்று தரையில் கிடந்தபடியே கெஞ்சினார் என் வீட்டுக்காரர். "எனக்கு ஃப்ரீகிக் குடுத்துகீறாங்க."

ஃப்ரீகிக் என்றால் என்ன என்று ஹவில்தாரிடம் விளக்கமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அத்தை நகர்ந்தார். வண்டிக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"போன வாட்டியும் இவன்தானா?"

"ஆமா அத்தே."

"உனுக்கு எப்ப தெரியும்?"

"அன்னிக்கே."

"ஏன் சொல்லல?"

"அண்ணனத் திட்டுவீங்கன்னு…" கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"திட்டத்தான் திட்டுவேன். நான் இன்னா பேயா, பிசாசா? அதுக்கு ஒளிச்சு வெப்பியா?" என்றவர், என் கையைப் பிடித்து இழுத்து ஒரு பிடி வேர்க்கடலையைத் திணித்தார். "அழாத. ஆட்டத்தப் பாரு."

பாதி ஆட்டத்துக்குப் பிறகு வானகரம் ஒரு கோல் போட்டது. உடனே என் வீட்டுக்காரர் அடித்த ஒரு பந்து கோலியைத் தாண்டிப் போயிற்று. கோல்தான் என்று எல்லோரும் கத்தியபோது, அண்ணன் எங்கிருந்தோ பறந்து வந்து நெஞ்சைக் கொடுத்துத் தடுத்தான். என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். திருமழிசைக்காரர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"தட்டு, தட்டு" என்றார் அத்தை. "நல்லாத்தான் தடுத்தான்." அவரும் இரண்டு தட்டு தட்டினார். அந்த நிமிஷத்தில்தான் நான் அந்த வீட்டுப் பெண்ணானேன் என்று நினைக்கிறேன்.

கடைசியில் வானகரம் இரண்டுக்கு ஒன்று ஜெயித்தது. வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். அத்தை அண்ணன் காதைத் திருகிவிட்டு, பெரிய உருண்டையாக அவனுக்குத்தான் முதலில் கொடுத்தார். என் வீட்டுக்காரர் முறைத்தார். "ஜெயிச்சவன் மொதல்ல சாப்புடட்டும்" என்று அத்தை அவர் வாயை அடைத்தார். அண்ணன் தன் ஊர்க்காரர்களோடு கிழக்கே நடந்தபோது, நான் கேட்காமலே அத்தை வண்டியைக் கிளப்பாமல் நின்றார். அவன் வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் மாட்டைத் தட்டினார்.

திரும்பும்போது என் வீட்டுக்காரர் வண்டிக்குப் பக்கத்திலேயே சைக்கிளை மெதுவாக மிதித்து வந்தார். பாவம், வழிநெடுக அத்தை விடவில்லை.

"எடது பக்கம் ஒருத்தன் சும்மாதானே நின்னுகினு இருந்தான், அவனாண்ட தட்டினா இன்னா? எல்லாத்தையும் நீயே தூக்கிகினு ஓடறியே!"

"சரிம்மா."

"உங்க கோலி நிக்கறானா தூங்கறானா? அவன மாத்து."

"சரிம்மா."

"அடுத்த வாரம் யாரு கூட?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"திருவேற்காடு" என்றார் கடைசியில்.

"எத்தினி மணிக்கு?"