கசூவா வேண்டாம் என்று சொன்ன பல்கலைக்கழகம்

பயந்துபோய்த்தான் வேண்டாம் என்றாள் என்று சொல்பவர்கள் என் முகத்துக்கு நேராக வந்து சொல்லட்டும். சந்தையில் எனக்கு அடுத்த கடை போடும் பாலீ, கொத்தமல்லியைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டே, "உங்க பேத்தி பெரிய காலேஜை வேணாம்னுட்டாளாமே, இங்கயே பையன் எவனாவது இருக்கானா?" என்று கேட்கிறாள். பையனும் இல்லை, பயமும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் இரண்டாவது மகன் யெங்கின் பெண் கசூவா. டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. இந்த நாட்டில் முதலில் நான்கு வருஷம் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தால்தான் மருத்துவக் கல்லூரிக்கு மனுவே போட முடியும். இவளுக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று கிழக்கே, கடலோரத்தில், ஊர் உலகமெல்லாம் பேர் தெரிந்தது. இன்னொன்று எங்கள் ஊரான செயின்ட் பாலிலிருந்து கொஞ்ச நேரம் காரில் போனால் வந்துவிடும். அதுவும் லேசில் கிடைக்கிற இடமில்லை, ஆனால் போருக்குத் தப்பி மலைகளிலிருந்து அகதி முகாம்கள் வழியாக இந்த நாட்டுக்கு வந்த எங்கள் ஹ்மாங் ஜனத்தில் யாரும் அந்தப் பேரைக் கேட்டதில்லை.

சேதி வந்த வாரமே என் மூத்தவன் செர்பாவ் விருந்து வைத்துவிட்டான். கோழி அவித்து, அதன் கால்விரல்கள் ஒழுங்காக மடங்கியிருப்பதைப் பார்த்து, நல்ல சகுனம் என்றான். வந்தவர்கள் எல்லோரும் அவள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்தினார்கள். கிழக்கே போகிற பிள்ளையைக் காப்பாற்றுங்கள் என்று செர்பாவ் முன்னோர்களிடம் அந்த ஊர்ப் பேரைச் சொல்லியே கேட்டுவிட்டான். எங்கே போகிறாய் என்று அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவள் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது.

அப்புறம்தான் பார்க்கப் போனாள். சுற்றிக் காட்டியவர், இங்கிருந்து மனுப் போடுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் டாக்டருக்குப் படிக்கப் போகிறார்கள் என்று பெருமையடித்தாராம். டாக்டராகும் எண்ணத்தோடு முதல் வருஷம் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று இவள் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு நூலகத்தைக் காட்டப் போய்விட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மாணவிதான் உள்ளதைச் சொன்னாள். மூன்றாம் வருஷம் ஒரு குழு கூப்பிட்டு உட்கார வைக்குமாம். மார்க் இறங்கியிருந்தால் மனுப் போடாதே என்று சொல்லுமாம். மீறிப் போட்டால் பரிந்துரைக் கடிதம் தராதாம். அது இல்லாவிட்டால் மருத்துவக் கல்லூரிகள் திரும்பிப் பார்ப்பதே கஷ்டமாம்.

"சந்தைக்கு ஏத்துறதுக்கு முன்னாடியே வாடின கீரையத் தூக்கிப் போட்டுட்டு, எங்க தோட்டத்துல கீரையே வாடாதுன்னு சொல்ற மாதிரி, பாட்டி" என்றாள் என்னிடம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் பல்கலைக்கழகத்தில் கேட்கிற எல்லோருக்கும் கடிதம் கொடுக்கிறார்கள். அவள் அங்கே பார்க்கப் போன அன்று வேதியியலில் தேறாத ஒரு பையனை வாத்தியார் பக்கத்தில் உட்கார வைத்து முதலிலிருந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். இவள் படித்த பள்ளியில் வேதியியலுக்குப் பாதி வருஷம் வாத்தியாரே கிடையாது. முதல் வருஷம் தடுக்கி விழுவோம் என்று அவளுக்கே தெரியும்.

பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் செர்பாவ் வந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். யெங் தலையைத் தூக்கவில்லை. அண்ணன் எதிரே அவன் என்றைக்குத் தூக்கினான்? முன்னோர்கள் கிழக்கே போய்த் தேடுவார்களே, என்ன பதில் சொல்வது என்று செர்பாவ் கேட்டான். அவர்கள் மலைக்கு மலை, முகாமுக்கு முகாம் நம் பின்னாலேயே வந்தவர்கள், இன்னொரு தடவை கூப்பிட்டு வழி சொல்லு என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நம்ம பேரையே கெடுக்கப் போற" என்றான் அவளிடம்.

"பேருக்காகப் போனா டாக்டராக மாட்டேன், பெரியப்பா" என்றாள். அவன் கண் முன்னாலேயே போனில் பதிலை அனுப்பினாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். கோடை முழுக்க இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஊர் வாய் அப்போதுதான் திறந்தது.

அவள் கிளம்புகிற அன்று காலையில் யெங் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். செர்பாவ் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து, சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.  என் கையில் அவளுக்குக் கொடுத்தனுப்ப வைத்திருந்த அரிசிப் பை; அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"கெமிஸ்ட்ரில தோத்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டான்.

"திரும்பப் படிப்பேன். அங்க திரும்பப் படிக்க விடுவாங்க."

"அப்பவும் தோத்தா?"

"அப்ப நானே சொல்றேன் எனக்கு வராதுன்னு. எந்தக் குழுவும் சொல்ல வேணாம்."

 அவன் வழி விடவில்லை. அவள் என் கையிலிருந்த அரிசிப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பெரியப்பாவைத் தொடாமல் ஒருக்களித்து நுழைந்து, வாசலைத் தாண்டி வெளியே நடந்தாள்.